எடை போட்டு எழுதிய துயரம்

அழுகையை எழுதுவது எளிது. நாலு பக்கத்துக்குப் பாத்திரத்தை அழவிட்டால் வாசகரும் கூடவே அழுவார். புத்தகத்தை மூடிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அடிமைமுறை, போர், தடுப்பு முகாம், புயல் என்று ஒரு சமூகமே பட்ட காயங்களைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்க நாவல்கள் ஏராளமாக எழுதித் தீர்த்திருக்கின்றன. அவற்றில் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பவை கணக்குப்பிள்ளையின் குரலில் பேசும் சில நூல்கள்தான். எவ்வளவு எடை, எத்தனை நிமிடம், என்ன விலை என்று பேரேட்டு நடையில் போய்க்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு வரியில் மூச்சு நின்றுவிடும்.

டிம் ஓ பிரையன் 1969–70இல் வியட்நாமில் காலாட்படை வீரராக இருந்தவர். 1990இல் வெளிவந்த அவருடைய 'தி திங்ஸ் தே கேரீட்' தொகுப்பின் முதல் கதை, ஒரு சிறு படைப்பிரிவு சுமந்து நடந்த பொருட்களின் பட்டியல். வயர்லெஸ் பெட்டி, பேட்டரியோடு 26 பவுண்ட். இயந்திரத் துப்பாக்கி, குண்டு ஏற்றாமல் 23 பவுண்ட். லெப்டினன்ட் ஜிம்மி கிராஸ், தன்னைக் காதலிக்காத ஒரு பெண்ணின் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறான். அவை 10 அவுன்ஸ். மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பாஞ்சோ ஏறக்குறைய 2 பவுண்ட். கனம்தான், ஆனாலும் சுமப்பது வீண்போகாது என்கிறது கதை. எப்படி? உதாரணத்துக்கு, ஏப்ரலில் டெட் லாவெண்டர் சுடப்பட்டபோது அவனை அவனுடைய பாஞ்சோவில்தான் சுற்றினார்கள்; வயலைத் தாண்டித் தூக்கிப் போனதும் ஹெலிகாப்டரில் ஏற்றியதும் அதிலேதான்.

ஒரு பையனின் சாவு, மழைத்துணியின் உபயோகங்களுக்கு உதாரணமாக வந்து போகிறது. தனிப் பத்தி கிடையாது. படிக்கிறவர் இரண்டு வரி தாண்டியபின் திடுக்கிட்டு, கண்ணைப் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கதை நெடுக லாவெண்டர் இப்படியே செத்துக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு முறையும் வேறொரு பட்டியலின் இடுக்கில். பயந்த சுபாவம் உள்ளவன் என்பதால் மற்றவர்களைவிட அதிகத் தோட்டா சுமந்தான், 20 பவுண்டுக்கு மேல். அவனுடைய பயத்துக்கு மட்டும் எடை போடவில்லை. மற்ற எல்லாவற்றையும் அவுன்ஸ் கணக்கில் நிறுத்துக் காட்டிவிட்டதால்தான் நிறுக்காமல் விட்ட அந்த ஒன்று அப்படிக் கனக்கிறது. பயம் பெரிது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

இது வெறும் உத்தியா? இந்த எடைக்கணக்கு ராணுவத்தின் சொந்த மொழி. ஆளையும் பொருளையும் ஒரே பட்டியலில் எழுதும் நிர்வாகம் அது. ஓ பிரையன் அந்தப் படிவத்தையே கையில் எடுத்து, அதில் இடமில்லாதவற்றை நிரப்புகிறார். காயப்படுத்தியவன் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தைக் காயப்பட்டவர் திரும்ப எழுதுவது என்ற இந்த வேலையை அவருக்கு மூன்றாண்டு முன்பே, இன்னும் ஆழமாகச் செய்தவர் டோனி மாரிசன்.

'பிலவ்ட்' 1987இல் வந்தது. அதன் விதை ஒரு உண்மைச் சம்பவம். 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், உறைந்திருந்த ஒஹாயோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து கென்டக்கியிலிருந்து சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, மறுபடி அடிமையாகக் கூடாது என்று தன் சின்ன மகளைக் கொன்றார். கொலை வழக்குப் போட்டிருந்தால் அவரை ஒரு மனுஷியாக ஏற்க வேண்டியிருக்கும். தப்பியோடிய உடைமை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்த மாரிசன், 1974இல் வெளியான 'தி பிளாக் புக்' தொகுப்பு வேலையின்போது இந்தச் செய்தியைக் கண்டார்.

நாவலில் அந்தத் தாயின் பெயர் சேதா. பண்ணைக்குப் புதிதாக வரும் எஜமானை எல்லோரும் ஸ்கூல்டீச்சர் என்கிறார்கள். அளவு நூலால் அடிமைகளின் தலையை அளந்து நோட்டில் குறிப்பவர். சேதாவின் மனிதக் குணங்களை ஒரு பக்கமும் விலங்குக் குணங்களை இன்னொரு பக்கமும் எழுதும்படி தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். அதை எழுதிய மையைக் காய்ச்சித் தந்தவள் சேதா. மாரிசன் இதை முதலில் உரக்கச் சொல்வதில்லை. மை நன்றாக இருக்கும், எஜமானுக்கு அவள் காய்ச்சும் மைதான் பிடிக்கும் என்கிற வீட்டுப் பேச்சு போல வருகிறது.

கொலை நடந்த கொட்டகைக்குள் நாவல் முதன்முறை நுழையும்போது நாம் யார் கண்ணால் பார்க்கிறோம்? தாயின் கண்ணால் இல்லை. குதிரையில் வந்த நால்வரின் கண்ணால். அவர்கள் பார்ப்பது நஷ்டக் கணக்கு. திருப்பிக்கொண்டுபோக நினைத்த பிள்ளைகள் உருப்படியாக இல்லை. இன்னும் குறைந்தது பத்து ஆண்டு பிள்ளை பெறக்கூடியவளும் போயிற்று. பாதி நாவல் வரை நம்மைக் காக்கவைத்து, காத்திருந்த அந்தக் காட்சியை ஒரு வியாபாரியின் எரிச்சலோடு காட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! படிப்பவருக்குக் கோபம் தாளாமல் கை தானாகத் தாயின் பக்கம் நீள்கிறது. அவளை மன்னிக்கச் சொல்லி ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கணக்கு அங்கே முடியவில்லை. செத்த குழந்தைக்குக் கல்லறைக் கல் வேண்டும். கல்லில் எழுத்து வெட்டுபவன் கேட்கும் கூலி சேதாவின் உடம்பு. பத்து நிமிடத்துக்கு ஏழு ஆங்கில எழுத்து. நாவலின் தலைப்பு அதுதான். இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் கூட ஒரு சொல்லும் கிடைத்திருக்குமோ என்று பின்னாளில் அவள் யோசிக்கிறாள். அடிமைச் சந்தையின் நாணயமும் ஒரு தாயின் துக்கமும் ஒரே தராசில் ஏறிவிடுகின்றன. ஒரு பெண்ணின் கதை இந்த இடத்தில்தான் ஒரு இனத்தின் கதையாகிறது. பல லட்சம் பேர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஜூலி ஒட்சுகா இன்னும் சன்னமாக எழுதுபவர். 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் ஆணைக்குப் பிறகு, சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஒட்சுகாவின் தாய்வழிக் குடும்பமும் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் இருந்தது. 2002இல் வந்த அவருடைய முதல் நாவல் 'வென் தி எம்பரர் வாஸ் டிவைன்' 150 பக்கம்கூட வராது. குடும்பத்தில் யாருக்கும் பெயர் இல்லை. சட்டைக் காலரில் எண் குத்தப்பட்டவர்களுக்குப் பெயர் எதற்கு என்று நாவலும் விட்டுவிடுகிறது.

முதல் அத்தியாயத்தில் பெர்க்லியில் ஒரு பெண் அறிவிப்பைப் படிக்கிறாள், கடைக்குப் போகிறாள், சாமான் கட்டுகிறாள். வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுபோகக் கூடாது. கிழட்டு நாயைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். மரத்தில் கட்டி, செத்ததுபோல் படு என்கிறாள். அது படுக்கிறது. மண்வெட்டியை ஓங்குகிறாள். பிறகு அதைப் புதைத்துவிட்டு மிச்சச் சாமானைக் கட்டப் போகிறாள். செய்ய வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்று. ஏறக்குறைய நூல் முழுக்க இதே அமைதி. கடைசி அத்தியாயத்தில் மட்டும் தகப்பன் வாய் திறந்து, சுமத்தப்பட்ட எல்லாக் குற்றங்களையும் நான்தான் செய்தேன் என்று கொட்டித் தீர்க்கிறான். அத்தனை பக்கம் அடக்கி வைத்ததால்தான் அந்த வெடிப்பு செல்லுபடியாகிறது. 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. நாயைப் புதைத்த அந்தப் பிற்பகலை அதில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஹன்யா யனகிஹாராவின் 'எ லிட்டில் லைஃப்' (2015) ஒரே மனிதன் மேல் 700 பக்கத்துக்கு மேல் கொடுமையைக் குவிக்கிறது. அதைக் கொண்டாடுபவர்கள் நிறைய. பாத்திரத்தின் குணம் முழுவதையும் பழைய காயம் ஒன்றால் விளக்கிவிடும் இந்தப் போக்கைக் கண்டித்து விமர்சகர் பாருல் சேகல் நியூயார்க்கரில் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. எனக்கு அந்த நாவலில் குறையாகப் படுவது வேறு. அங்கே வேதனை ஏறிக்கொண்டே போகிறது. அது எந்த ஊரின், எந்த அமைப்பின் பேரேட்டிலிருந்து வந்தது என்று தெரிவதில்லை. அடக்கி எழுதுவதும் வெறும் பாணியாகச் சீரழியலாம். குளிர்ந்த குரலில் எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் கலை ஆகிவிடாது. எண்ணுவதற்குக் காரணம் அந்த வாழ்க்கையிலேயே இருக்க வேண்டும். ஜெஸ்மின் வார்டின் 'சால்வேஜ் தி போன்ஸ்' (2011) பன்னிரண்டு அத்தியாயத்தில் பன்னிரண்டு நாளை எண்ணுவது அப்படித்தான்: கத்ரீனா புயல் கரையேறக் காத்திருக்கும் ஏழை வீட்டில் நாட்களை எண்ணாமல் வேறு என்ன செய்ய முடியும்?

புதிதாகப் படிக்க வருபவர்கள் ஒட்சுகாவிலிருந்து தொடங்கலாம். ஒரே அமர்வில் முடியும். அடுத்து ஓ பிரையனின் முதல் கதை. இரண்டிலும் எண் வருகிற இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போங்கள். ஆசிரியர் குரல் உயர்த்தாமல் எப்படி நம்மைக் கலங்கடிக்கிறார் என்பது புலப்படும். அந்தப் பழக்கத்தோடு மாரிசனிடம் போனால், கடினமான நாவல் என்று பெயரெடுத்த 'பிலவ்ட்' வழிவிடும். அதன் வீட்டு எண் 124. சேதாவின் முதல், இரண்டாம், நான்காம் பிள்ளைகள் பிழைத்த வீட்டில் எந்த இலக்கம் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் வரியிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டார் மாரிசன்.