ஊர் வாய் திறக்கட்டும்!

விழா தொடங்குகிறது. "தமிழ்த்தாய் வாழ்த்து" என்று ஒருவர் அறிவிக்கிறார். மன்றத்தில் உள்ளோர் அனைவரும் எழுந்து நிற்கின்றனர். பாடுவது யார்? ஒலிபெருக்கி! நானூறு பேர் நிற்கின்றனர். நானூறு வாய்களும் மூடிக் கிடக்கின்றன. பாட்டு முடிந்ததும் நாற்காலிகள் நகரும் ஓசை எழுகிறது. அன்று அம்மன்றத்தார் அனைவரும் சேர்ந்து எழுப்பிய ஓசை அஃது ஒன்றே!

புதுச்சேரியில் இக்காட்சியைக் காணாதார் இலர். இங்கே அரசு விழாக்களில் ஒலிப்பது பாவேந்தர் பாரதிதாசனின் 'வாழ்வினில் செம்மையை'. 1891இல் இவ்வூரில் பிறந்து, 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர் அவர். பிள்ளைகளின் குரலைக் கேட்டே வாழ்ந்த ஆசிரியர் தந்த பாட்டு, பெட்டிக்குள் அடைபட்டு ஒலிக்கிறது; பிள்ளைகள் ஊமைகளாய் நிற்கின்றனர். இது பாவலருக்குச் செய்யும் சிறப்பா? எண்ணிப் பாருங்கள் தோழர்களே!

ஊருக்குக் குரல் இல்லையா? விடியற்காலை குபேர் அங்காடிக்குச் சென்று பாருங்கள். மீன் விற்கும் தாய்மாரின் குரல் தெருமுனை வரை கேட்கும். குரல் உண்டு, பாட உரிமை உண்டு என்னும் எண்ணம்தான் இல்லை. "பாட்டு கற்றவர்க்கே உரியது, கல்லாதவர் கேட்டுத் தலையசைத்தால் போதும்" என்று நெடுங்காலமாகச் சொல்லிச் சொல்லி, மக்களின் வாயைப் பூட்டி வைத்தது யார்? சாதி வகுத்த படிக்கட்டு அரங்குக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவே!

இவ்வூரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறார். சம்பா கோவிலுக்குள்ளே ஒரு சுவர்! ஒருபுறம் சாதிக் கிறித்தவர். மறுபுறம் ஒடுக்கப்பட்ட கிறித்தவர். ஒரே கடவுளைத் தொழ வந்தோர் நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும்! ஒடுக்கப்பட்டோர் திரண்டு முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. கல் சுவர் இடிந்தது. குரல்களுக்கிடையே நிற்கும் சுவர் இடிந்ததா?

சேர்ந்து பாடுவதன் ஆற்றலைப் புதுச்சேரியார் அறியாதவரும் அல்லர். இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள், கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பிரெஞ்சு நாட்டுப்பண் ஒலிக்கிறது. 1792இல் ஸ்திராஸ்பூர் நகரில் ரூழே தெ லீல் என்னும் படை அலுவலர் எழுதிய பாட்டு அது. ஆயின் அவர் பெயரால் அது வழங்கவில்லை. ஸ்திராஸ்பூரின் பெயராலும் வழங்கவில்லை. மார்செய் நகரத் தொண்டர்கள் அதைப் பாடியபடியே பாரிசுக்கு நடந்தனர்; ஆகவே 'மார்செயேஸ்' ஆயிற்று. எழுதியவரின் பெயர் பின்னே நிற்க, பாடியவர்களின் ஊர்ப்பெயர் முன்னே நிற்கிறது!

தமிழகத்தில் இதனை உணர்ந்து உழைத்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். 1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த அவரே, 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பல குரல்கள் பல வழியில் சென்று ஓரிடத்தில் கூடும் மேலைநாட்டு முறையை, நம் மண்ணின் மெட்டோடு இணைத்தார்; பாரதியின் பாக்களைக் கூட்டத்தின் குரலாக்கினார். 1988இல் மறையும்வரை அப்பணியை விடவில்லை. அதனைப் போற்றுகிறோம். ஆயின் ஒன்று சொல்ல வேண்டும். மேடைச் சேர்ந்திசை எத்துணைச் சிறந்ததாயினும், கீழே இருப்போர் கைதட்டுவோராகவே இருந்துவிடக்கூடும். இதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்குக் கூட்டுப்பாடல் கற்பிக்கப் புறப்பட்டதே அதற்குச் சான்று. அந்தப் பாதி வேலையைத்தான் நாம் மறந்தோம்.

2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு, மனோன்மணீயம் சுந்தரனாரின் பாட்டை மாநிலப் பாடலாக அறிவித்தது. இசைவட்டைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும். முல்லைப்பாணிப் பண்ணில் 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றது ஆணை. இசைவட்டை விலக்கியது நன்று. ஆயின் 'பயிற்சி பெற்றவர்' என்னும் சொல்லோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. பயிற்சியை ஏன் நால்வருக்கு மட்டும் தரவேண்டும்? ஊருக்கே தந்தால் என்ன?

"எல்லாரும் பாடினால் அபசுரமாகாதா?" என்பார் உளர். இக்கேள்விக்கு நம் குற்றத்தையே விடையாக வைக்கிறோம். மாலைதோறும் நாம் ஒரு சிறு குழுவுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறோம். முதல் மாதத்தில், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் குரல் மற்றவரோடு சேரவில்லை. "தம்பி, நீ வாயை மட்டும் அசை" என்றோம். பகுத்தறிவு பேசும் நாம்! சுவர் இடிந்த கதையைப் பிறருக்குச் சொல்லும் நாம்! மறுநாள் முதல் அவன் வரவில்லை.

எங்கள் குழுவில் ஓர் அம்மையார் உண்டு. இளமையில் வில்லியனூர்ப் பக்கத்து வயல்களில் நடவுப்பாட்டுக்கு முன்பாட்டுப் பாடியவர். அவர் சொன்னார்: "குரல் எட்டாதவளை நாங்க வரப்புல ஏத்திவிட மாட்டோம், வாத்தியாரே. பாட்டைத்தான் இறக்குவோம்."

நாணினோம். எண்ணிப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. நம் தொண்டைக்கு எளிதான கட்டையில் நாம் தொடங்கிவிட்டோம். குரல் உடையும் பருவத்துப் பிள்ளைக்கு அது எட்டவில்லை. குறை அவன் தொண்டையில் இல்லை. நாம் பிடித்த சுருதியில் இருந்தது! அவன் வீடு தேடிச் சென்று அழைத்து வந்தோம், சுருதியை இறக்கினோம். அவன் பாடினான். இன்றும் ஓரிரு இடங்களில் தவறுகிறான். பக்கத்துக் குரலைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறான். சேர்ந்திசையின் முதற் பாடமே அதுதான்: தன் வாயைத் திறக்குமுன் அடுத்தவர்க்குச் செவி கொடுப்பது.

ஆகவே தலைமை தாங்கிப் பாடும் தோழர்க்குச் சில சொற்கள். சுருதியை உங்கள் குரலுக்கு வைக்காதீர். கூட்டத்தின் குரலுக்கு வையுங்கள். ஓரடியை நீங்கள் பாடுங்கள். அதையே அவர்கள் திருப்பிப் பாடட்டும். ஏற்றமும் நடவும் கற்பித்த முறை அது. ஏடறியாதாரையும் அது விலக்காது. குறிலை நீட்டாதீர், நெடிலைக் குறுக்காதீர். தமிழில் அளவு மாறினால் பொருளே மாறும். மூச்சு வாங்கும் இடத்தைப் பொருள் முடியும் இடத்தில் வையுங்கள். கூட்டம் பாட்டைப் பிடித்துக்கொண்டதும் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். தம் குரல் கேளாமற் போகும்போது மகிழ்பவரே நல்ல தலைவர்!

அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கியின் விசையை நிறுத்துங்கள். சிறிது நேரம் அமைதி நிலவும், அஞ்சாதீர். ஒருவர் தொடங்குவார், பத்துப் பேர் சேர்வர், பின்னர் மன்றமே பாடும். அப்பாட்டில் பிசிறு இருக்கும், தடுமாற்றம் இருக்கும். இருக்கட்டும்! பெட்டி பாடிய பிழையற்ற பாட்டினும், ஊர் பாடும் பிசிறுள்ள பாட்டே நமக்கு வேண்டும். அதில்தான் எவரையும் வெளியே நிறுத்தாத சமுதாயத்தின் குரல் கேட்கும்.