உபபக்கவாத்தியக்காரரின் பை

பகலில் உத்தியோகமும் மாலையில் கோயில் கச்சேரியுமாகக் காலம் கழிக்கும் உபபக்கவாத்தியக்காரர், கடமோ கஞ்சிராவோ முகர்சிங்கோ, அன்றைக்கு எதைக் கேட்கிறார்களோ அதை வாசிக்கச் சித்தமாக வருகிறவராதலால், அவருடைய பையைப் பார்ப்பதே ஒரு தனி ரசனை. மானாமதுரைக் கடம் சூளையில் வெந்தபோதே தன் சுருதியை நிர்ணயித்துக்கொண்டு விடுகிறபடியால், பாடகரின் சுருதி முன்கூட்டித் தெரியாத நாளில் இரண்டு பானைகளைப் பழம்புடவையில் சுற்றி பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வரவேண்டியதுதான். கண்டக்டர் அவற்றுக்கும் டிக்கெட் கேட்பதுண்டு. முகர்சிங்குக்கு அந்தச் சங்கடமில்லை: அதன் நாக்கு நுனியில் துளி மெழுகை ஒட்டினால் சுருதி இறங்கும், சுரண்டினால் ஏறும்.

ஆயினும் என் பட்சபாதம் கஞ்சிராவிடமே. புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த, பலாமரச் சட்டமும் அதன் இடுக்கில் குலுங்கும் காசுகளும் கொண்ட அச்சிறு வாத்தியம், உட்புறம் நீர் தெளித்ததும் தோல் தளர்ந்து கம்பீரமாக முழங்கும்; சபையின் மின்விசிறிக் காற்றில் உலர்ந்துவிட்டாலோ, தனியாவர்த்தனத்தின் நடுவே சுருதி ஏறி மானத்தை வாங்கும். ஆகவே தண்ணீர்க் குப்பி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உடும்பின் தோலுக்குப் பதிலாக, ஆட்டுத்தோல் போர்த்தியவையும் இப்போது வழங்குகின்றன; நாதத்தில் அவை சற்றே குறைவு என்பார் உளர், நானும் அக்கட்சியே, உடும்பு பிழைத்ததில் ஆட்சேபமில்லாவிட்டாலும்.