செபம், நம்பிக்கை, அருள்: பன்யனின் யாத்திரிகனும் கிருஷ்ணபிள்ளையின் காப்பியமும்

சமய இலக்கியத்தை ஆராயப் புகும் முற்போக்குத் திறனாய்வாளர் இருவகை எளிமைப்படுத்தலுக்கு ஆளாவதுண்டு. சமயம் ஆளும் வர்க்கத்தின் கருவி என்ற பொது முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு, செபம், நம்பிக்கை, அருள் என்பன பற்றிய நூல்களைப் படியாமலே ஒதுக்கிவிடுதல் ஒன்று. மனிதநேயம் என்னும் பரந்த சொல்லாற் சமய நூல்கள் அனைத்தையும் போர்த்தி, அவற்றிடையே உள்ள வரலாற்று வேறுபாடுகளை மறைத்துவிடுதல் மற்றையது. முதலாவது நூலைக் காணத் தவறுகிறது; இரண்டாவது சமூகத்தைக் காணத் தவறுகிறது. ஹெகலின் உரிமைத் தத்துவம் குறித்து மாக்ஸ் எழுதி 1844இல் வெளியான முன்னுரையில் மதத்தை அபினுக்கு ஒப்பிட்டமை பலரும் அறிந்ததே. ஆயின், அதே இடத்தில் மதத்துயரை அவர் மெய்யான துயரின் வெளிப்பாடாகவும், அத்துயருக்கு எதிரான கண்டனமாகவும் விளக்கியமை அந்த அளவுக்கு அறியப்படவில்லை. இவ்விரு கூறுகளையும் ஒருங்கே நோக்கும்போதுதான் சமய இலக்கியத்தின் இயக்கம் புலனாகும்.

தமிழிற் சைவ, வைணவ பக்தி இலக்கியங்கள் இத்தகைய நோக்கிற்கு ஓரளவு உட்படுத்தப்பட்டுள்ளன. பேராசிரியர் க. கைலாசபதியின் ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ (1966) என்ற நூலில் இடம்பெறும் ‘நாடும் நாயன்மாரும்’ என்ற கட்டுரை இதற்கு வழிகோலியது. கிறிஸ்தவத் தமிழ் இலக்கியமோ பெரும்பாலும் ‘தமிழ்த் தொண்டு’ என்ற தலைப்பின் கீழ் ஆசிரியர் பெயரும் நூற்பட்டியலுமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. அதன் மையக் கருத்துகளான செபமும் நம்பிக்கையும் அருளும் எச்சமூக உறவுகளைத் தாங்கி நின்றன என்ற வினா போதியளவு எழுப்பப்படவில்லை. ஜோன் பன்யனின் ‘யாத்திரிகன்’ நூலையும் (1678), அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிக’த்தையும் (1894) ஒப்புநோக்கி, இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

பன்யன் (1628–1688) பெட்ஃபர்ட் நகரை அடுத்த எல்ஸ்ரோ என்ற சிற்றூரிற் பிறந்தவர். தந்தையைப் போலவே ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசனுக்கு எதிரான பாராளுமன்றப் படையிற் பணியாற்றினார். பின்னர் சுயாதீன சபையொன்றிற் சேர்ந்து, பல்கலைக்கழகப் பயிற்சியோ குருப்பட்டமோ இன்றிப் போதிக்கத் தொடங்கினார். 1660இல் முடியாட்சி மீண்டதும் கைதுசெய்யப்பட்டு, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சிறையிற் கழித்தார். அங்கே நாடாக்களுக்கு உலோக முனை கட்டி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். தேவாலயத்துக்குச் செல்லாமையும் சட்டவிரோதக் கூட்டங்களை நடத்தியமையுமே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். கைவினைஞன் ஒருவன் ஏழை எளியோரைக் கூட்டிவைத்துப் பேசுவது, மீண்டும் அதிகாரம் பெற்ற நிலப்பிரபுக்களுக்கு அச்சமூட்டியது என்பதே இதன் பொருள்.

இந்த வழக்கிற் செபம் என்பது நேரடியான அரசியற் பிரச்சினையாக இருந்தது. நியாயாதிபதிகளுக்கும் பன்யனுக்கும் இடையே நிகழ்ந்த வாக்குவாதத்திற் கணிசமான பகுதி பொதுச் செபநூலைப் பற்றியது. அரசு அச்சிட்டு வழங்கிய சொற்களைக் கொண்டே கடவுளை அழைக்கவேண்டும் என்றது நீதிமன்றம். ஆவியினால் உந்தப்பட்டுத் தன் சொற்களிலேயே செபிக்கும் உரிமை எளிய மனிதனுக்கும் உண்டு என்றார் பன்யன். சிறையிலிருந்தபோது இதுபற்றித் தனிநூலொன்றும் எழுதினார். 1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்தை ஏற்க மறுத்து ஏறத்தாழ 2,000 குருமார் பதவியிழந்தமையை இத்துடன் இணைத்து நோக்கினால் வழக்கின் பரிமாணம் விளங்கும். பாராளுமன்றத்தில் இடமற்றோர், வாக்குரிமை அற்றோர், எழுத்தறிவு குன்றியோர் தமக்கெனப் பேசப் பழகிய களங்களுள் ஒன்றாகச் செபக்கூட்டம் விளங்கியது. அங்கே அவர்கள் பேசியது கடவுளோடுதான். எனினும் பேசியவர்கள் அவர்களே.

2

இப்பின்னணியில் ‘யாத்திரிக’னின் ஓர் அத்தியாயத்தை நுணுகி நோக்குவோம். யாத்திரிகனும் நம்பிக்கை என்னும் பெயர்கொண்ட அவன் தோழனும் கரடுமுரடான வழியைவிட்டு, அருகேயுள்ள புல்வெளிப் பாதையில் இறங்குகின்றனர். அந்நிலம் அவநம்பிக்கை என்ற அரக்கனுக்கு உரியது. தன் நிலத்தில் அத்துமீறிப் புகுந்தமைக்காக அவன் அவர்களைச் சந்தேகக் கோட்டையின் நிலவறையில் அடைக்கிறான். புதன் காலை முதல் சனி இரவுவரை உணவோ நீரோ இல்லை. அரக்கன் மனைவியின் ஆலோசனைப்படி அவர்களை அடிக்கிறான். பின்னர் தற்கொலை செய்துகொள்ளுமாறு தூண்டுகிறான்.

பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு, வழிப்போக்கர் குற்றவாளிகளாக்கப்பட்ட நாட்டில் இவ்வரக்கன் வெறும் உளவியல் உருவகம் அல்லன். அவநம்பிக்கை இங்கு நிலவுடைமையாளனின் தோற்றத்தில் வருகிறது. யாத்திரிகன் தளர்ந்து, தற்கொலையே மேலோ என எண்ணுகிறான். அவனைத் தடுத்து வாதிடுபவன் தோழன். இருவரும் சனிக்கிழமை நள்ளிரவிற் செபிக்கத் தொடங்கி விடியும்வரை தொடர்கின்றனர். விடியுந் தறுவாயில், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தமை யாத்திரிகனுக்கு நினைவுக்கு வருகிறது. அத்திறவுகோலாற் கதவுகள் திறக்கின்றன. வெளிவாயிற் பூட்டு மட்டும் கடினமாக இருந்து இறுதியில் இசைகிறது.

மூன்று செய்திகள் ஈண்டு மனங்கொளத்தக்கன. முதலாவதாக, செபத்தின் பயனாக வானிலிருந்து எவரும் இறங்கி வரவில்லை. ஏற்கெனவே கையிலிருந்து மறந்துபோன ஒன்று நினைவுக்கு மீள்கிறது. கதவைத் திறக்கும் வேலை கைதிகளுடையதே. இரண்டாவதாக, நம்பிக்கை ஒரு மனநிலையாக அன்றி உடன்வரும் மனிதனாகப் படைக்கப்பட்டுள்ளது. அவன் மாயச் சந்தை நகரைச் சேர்ந்தவன். அங்கு யாத்திரிகனின் முந்தைய தோழனை, பொறாமையும் கோள்சொல்லியும் சாட்சி கூற, முன்னரே தீர்ப்பை முடிவுசெய்த நீதிபதியும் ஜூரிகளும் விசாரித்து எரித்துக் கொன்றனர். அவ்விருவரின் சொல்லையும் துன்பத்தையும் கண்டே நம்பிக்கை என்பவன் நகரைவிட்டுப் புறப்பட்டான். வர்க்க நீதியின் கொடுமையை நேரிற் கண்டதன் விளைவாகவே நம்பிக்கை பிறக்கிறது. மூன்றாவதாக, தப்பிய இருவரும் உடனே தம் வழியே போய்விடுவதில்லை. பின்வருவோர் அந்நிலத்திற் சிக்காதிருக்க எச்சரிக்கைத் தூணொன்றை நிறுத்துகின்றனர். தனிமனிதர் பெற்ற மீட்பு அடுத்தவர்க்குரிய அறிவாக மாறுகிறது.

ஈ. பி. தொம்சன் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய தமது நூலில் (1963), தோமஸ் பெயினின் மனித உரிமைகள் பற்றிய நூலுடன் ‘யாத்திரிக’னையும் அவ்வர்க்க இயக்கத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கணித்தமை இவ்வகையிற் பொருத்தமானதே. ஆயினும் பன்யனின் அருட்கோட்பாட்டின் மறுபக்கத்தையும் கூறியாகவேண்டும். அருள் பிறப்பையோ செல்வத்தையோ கல்வியையோ நோக்காது வழங்கப்படுவது என்பதால் அது சமன்செய்யும் கோட்பாடு. அதேவேளை, அது தெரிந்தெடுக்கப்பட்டோர்க்கே உரியது என்பதால் விலக்கும் கோட்பாடுமாகும். அறியாமை என்ற பாத்திரம் விண்ணக வாயில்வரை வந்தும் நரகுக்கு அனுப்பப்படுகிறது. யாத்திரிகனோ மனைவி மக்களை விட்டுத் தனியனாகவே புறப்பட்டவன். அவர்களுக்கு 1684இல் எழுதப்பட்ட இரண்டாம் பாகத்திலேயே வழி கிடைத்தது. வறியோரிடம் உயர்ந்த விலை பறிக்கும் வியாபாரிகளை வேறொரு நூலிற் கடுமையாகச் சாடிய பன்யனிடமே, முளைவிட்டுக்கொண்டிருந்த முதலாளித்துவத் தனிமனிதவாதமும் குடிகொண்டிருந்தது. இம்முரண்பாடு அவர் சார்ந்த சிறு கைவினைஞர் வர்க்கத்தின் முரண்பாடாகும்.

3

இருநூற்றாண்டுகளுக்குப் பின்னர் இக்கதை திருநெல்வேலியை அடைகிறது. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்து, கம்பராமாயணப் பயிற்சியில் வளர்ந்து, மிஷன் கல்வி நிலையத்திற் தமிழாசிரியராகி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவருடைய காப்பியம் இதழொன்றிற் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்து 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் அது விரிகிறது. இடையிடையே தேவார மரபையொட்டிய இசைப்பாடல்களும் அமைந்துள்ளன.

பாத்திரம் பழுதுபார்ப்பவனின் பேச்சுநடை உரைநூல் கம்பனைப் பின்பற்றும் பெருங்காப்பியமாக மாறியதை மொழிபெயர்ப்பாளரின் சுவை சார்ந்த தெரிவாக மட்டும் கொள்ளுதல் போதாது. அக்காலத் திருநெல்வேலியிற் திருச்சபையிற் சேர்ந்தோருட் பெரும்பான்மையினர் பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த நாடார் சமூகத்தினரும் ஏனைய ஒடுக்கப்பட்டோருமாவர். 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் பெருந்தொகையானோர் சபையை நாடினர். ஆகவே, உயர்சாதிக் கற்றோர் பலரின் பார்வையிற் கிறிஸ்தவம் ‘தாழ்ந்தோர் சமயம்’. அதன் தமிழ் ‘பாதிரித் தமிழ்’. அத்தகைய ஏளனத்தின் முன்னே, தாம் தழுவிய சமயத்துக்குத் தமிழ்ப் புலமையின் உச்ச வடிவத்தைப் பெற்றுக்கொடுக்க முனைந்தார் கிருஷ்ணபிள்ளை. பனையேறுவோரும் வேளாளப் புலவரும் ஒரே அருளுக்கு உரியோர் என்ற கொள்கைக்குக் காப்பியத் தகுதி கிடைத்தமை அற்ப விடயமன்று.

ஆயின், வடிவம் வெறும் பாத்திரம் அன்று. அதற்கும் சமூக வரலாறு உண்டு. அருள் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய கத்தோலிக்கச் செபங்களிற் பிரியதத்தம் என்றும், சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்திற் கிருபை என்றும் வழங்கியது இக்கருத்தே. சைவ, வைணவப் பாடல்களில் ஊறிய அருள் என்ற சொல்லோ நூற்றாண்டுகளின் அனுபவத்தை உடன்கொண்டு வருவது. செயலினாலன்றி அருளினாலேயே மீட்பு என்ற லூதரின் கோட்பாடு, சரணாகதி பற்றி வடகலையாரும் தென்கலையாரும் நிகழ்த்திய நீண்ட விவாதத்தை அறிந்த வைணவச் சூழலுக்கு முற்றிலும் அந்நியமானதாக இருந்திருக்க முடியாது. புதிய சமயம் தமிழ்ப் பக்தனின் நாவில் அந்நியக் குரலாக ஒலிக்காமைக்கு இதுவே காரணம். கிருஷ்ணபிள்ளையின் வெற்றி இங்கேயே உள்ளது.

அவ்வெற்றிக்கு விலையும் உண்டு. கோ, இறை, கோயில், அடியார் எனப் பக்தி மரபு வழங்கிய சொற்கள் அரசனுக்கும் கடவுளுக்கும் பொதுவானவை. ஆண்டான்–அடிமை உறவின் உணர்ச்சி வடிவங்கள். அவற்றை ஏற்ற காப்பியத்தில், வழித்துணைகளுக்கிடையே நிகழ்ந்த உரையாடலைவிட, திருவடியை நோக்கிய அடியவனின் இறைஞ்சுதலே ஓங்கும். பன்யனிடம் நிலவறைத் தோழர் இருவரின் கூட்டுச் செயலாக இருந்த செபம், காப்பியச் சூழலிற் புகழ்ச்சியும் சரணடைதலுமாகக் கனிகிறது. மேலும், எந்த எளியோரின் வரவு திருச்சபையைத் திருநெல்வேலியின் பெருஞ்சக்தியாக்கியதோ, அவர்களுட் பெரும்பாலோர் இக்காப்பியத்தின் விருத்தங்களை உரையாசிரியர் துணையின்றிப் படித்தறிய இயலாது. அவர்களை நெருங்கக்கூடியவை இடையே வரும் இசைப்பாடல்களே. அருள் எல்லார்க்கும் பொது என்று உரைக்கும் நூல், தன் மொழியினாற் சிலர்க்கே உரியதாகிவிடும் முரண்பாட்டை நாம் இங்கு காண்கிறோம்.

இதனைக் கிருஷ்ணபிள்ளையின் தனிப்பட்ட குறையாகக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பன்யனின் பின்னால் அரசனின் தலையைக் கொய்த புரட்சியொன்று இருந்தது. கிருஷ்ணபிள்ளையின் முன்னாலோ குடியேற்ற ஆட்சியும், அதன் நிழலில் இயங்கிய மிஷனும், நிலவுடைமையோடு பிணைந்த சாதியமைப்பும் இருந்தன. முன்னவர் எழுதியது தோல்வியுற்ற புரட்சியின் எச்ச நம்பிக்கையை. பின்னவர் எழுதியது இன்னும் இயக்கமாகத் திரளாத மக்களின் நடுவே, புலமை மரபுக்குள் நின்று கண்ட நம்பிக்கையை. ஒரே கதை இரு சமூகங்களில் இரு பணிகளை ஆற்றியது.

4

செபமும் நம்பிக்கையும் அருளும் தம்மளவில் முற்போக்கானவையும் அல்ல, பிற்போக்கானவையும் அல்ல. யார் யாரோடு சேர்ந்து செபிக்கின்றனர், நம்பிக்கை எந்த அனுபவத்திலிருந்து எழுகிறது, அருளின் பெயரால் எந்த வேலி தகர்க்கப்படுகிறது அல்லது கட்டப்படுகிறது என்பனவே வினாக்கள். ஏர்ண்ஸ்ற் புளொக் நம்பிக்கையைத் தத்துவத்தின் மையப்பொருளாகக் கொண்டு ஆராய்ந்ததும், 1970களில் இலத்தீன் அமெரிக்காவில் விடுதலை இறையியல் வறியோரின் செபக்கூட்டங்களிலிருந்து அரசியற் பிரக்ஞையை வளர்க்க முனைந்ததும் இவ்வினாக்கள் இறந்தகாலத்துக்கு மட்டும் உரியனவல்ல என்பதைக் காட்டின.

துயருறும் மக்கள் செபிக்கின்றனர். அவர்கள் ஏன் செபிக்கின்றனர் என்று ஏளனமாகக் கேட்கும் திறனாய்வு அவர்களுக்கும் பயன்படாது, இலக்கியத்துக்கும் பயன்படாது. அவ்வாறே, செபத்தைப் போற்றிவிட்டு நிலவறையைப் பற்றி மௌனம் சாதிக்கும் திறனாய்வு அரக்கனின் பக்கமே நிற்கிறது. நிலவறை எவருடையது, அது எந்நிலத்திற் கட்டப்பட்டது, தற்கொலையைத் தடுத்த தோழன் எங்கிருந்து வந்தான் என்று விளக்குவதே நமது பணி. தப்பியவர்கள் நிறுத்திய தூணில் உள்ள எழுத்தைப் பின்வருவோர்க்குப் படித்துக்காட்டுவதும் அப்பணியில் அடங்கும்.