மறைந்திருக்கும் நான்காவது கட்டை

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றுக்குச் சனிக்கிழமை வகுப்பெடுக்கப் போயிருந்தேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளில் ஒரு படம். மூலையில் ஒரு கட்டை உயர்ந்து நிற்கிறது. அதற்கு முன்னே இடமும் வலமுமாகத் தரையில் இரண்டு. 'மொத்தம் எத்தனை கட்டைகள்?' என்பது வினா. ஒரு மாணவி மூன்று என்றாள். விடைப் பக்கத்தில் நான்கு என்றிருந்தது.

"மேல இருக்கிற கட்டை எதுக்கு மேல நிக்குது மகள்?" என்று கேட்டேன்.

"படத்துல விழாதுதானே சேர்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. அருகிலிருந்த ஆசிரியர், "இதுகளுக்கு மூளை அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லை எதிர்த்தே இக்கட்டுரை.

அவள் சொன்னதில் பிழையில்லை. தாளில் இருப்பவை சில கோடுகள் மட்டுமே. ஒரு கட்டை இன்னொன்றை மறைத்தால் மறைப்பது முன்னால் இருக்கிறது, சிறிதாய்த் தெரிவது தூரத்தில் இருக்கிறது, தாங்குவதற்கு ஒன்று இல்லாமல் எதுவும் அந்தரத்தில் நிற்காது என்பனவற்றை நாம்தான் கோடுகளோடு சேர்த்து வாசிக்கிறோம். எழுத்தை வாசிக்கப் பழகியது போலவே இதையும் பழகினோம், பழகியதை மறந்துவிட்டோம்.

1960இல் ஹட்சன் என்ற உளவியலாளர் தென்னாபிரிக்காவில் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டார். ஈட்டி ஏந்திய வேடன், அருகே ஒரு மான், இருவருக்கும் நடுவில் தொலைவிலிருப்பதாகச் சிறிதாய் வரையப்பட்ட யானை. வேடன் எதைக் குறிவைக்கிறான்? பாடசாலை செல்வோரில் பெரும்பாலானோர் மானைக் காட்டினர். மற்றவர்கள் யானையைக் காட்டினர். இதை வைத்து ஆபிரிக்கருக்கு ஆழம் தெரியாது என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் ஹட்சனின் முடிவிலேயே, பள்ளிப் பழக்கமற்ற வெள்ளையரும் அப்படித்தான் பார்த்தார்கள். வேறுபாடு நிறத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. மறுபுறம், ஹொக்பேர்க்கும் புரூக்சும் 1962இல் எழுதிய ஆய்வில், படங்களைப் பார்க்காமலே 19 மாதம் வரை வளர்ந்த ஒரு குழந்தை, கோட்டோவியங்களில் இருந்த பொருட்களை அடையாளம் கண்டது. பொருளை இனங்காண்பதற்குப் பயிற்சி வேண்டாம். தாளில் அதன் இடத்தை அறியத்தான் பயிற்சி வேண்டும் போலும்.

இதற்கெல்லாம் முன்னர் இப்னுல் ஹைதம் (965 - ஏறத்தாழ 1040) 'கிதாபுல் மனாஸிர்' நூலில், தூரத்தைக் கண் மட்டும் அறிவதில்லை என்றார். இடையிலுள்ள நிலத்தைத் தொடர்ச்சியாகப் பார்த்து, நம் கால் அளந்த அனுபவத்தைக் கொண்டு, மனம் ஊகித்து அறிகிறது. முகில் மலை உச்சியை மறைக்கும்போது அது எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்று தெரிகிறது. வெட்டவெளிக்கு மேலே நின்றால் தெரிவதில்லை. நுவரெலியாக்காரனுக்கு இதைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

நமது மலையகப் படங்களுக்கு வருவோம். தேயிலைப் பெட்டி, நாட்காட்டி, சுற்றுலா அட்டை எல்லாவற்றிலும் ஒரே அமைப்புத்தான். முன்னே சிரிக்கும் கொழுந்துக்காரி, பின்னே சிறுத்துக்கொண்டே போகும் செடி வரிசை, அதற்கும் பின்னே நீலமாய் மங்கும் மலை. ஆழம் காட்டும் உத்திகள் யாவும் அங்குண்டு. லயன் மட்டும் இல்லை. கண் அவளைத் தாண்டி மலைக்குப் போய்விடுகிறது. நடுவில் அவள் வாழும் இடத்தில் நிற்பதேயில்லை.

எம் எழுத்தும் இதற்கு விலக்கல்ல. பசாரில் கடை வைத்திருந்த எங்கள் குடும்பங்கள் தோட்டத்துக்குக் கடன் கொடுத்து வாழ்ந்தவை. ஆனால் நாங்கள் எழுதிய கதைகள் பலவற்றில் தோட்டம் பின்னணித் திரைதான். பனி வரும், கூடை வரும். கடன் கொப்பியில் பெயர் இருந்த மனிதர் வருவதில்லை.

அன்று அந்த மாணவியிடம் கட்டையை விட்டுவிட்டு, "உங்கட லயத்துல எத்தனை வீடு?" என்று கேட்டேன். "பன்னெண்டு" என்றாள் உடனே. சன்னலுக்கு வெளியே அந்த லயன் தெரிந்தது. எண்ணினால் ஆறு கதவுகள். "ஆறுதானே தெரியுது?" என்றேன்.

"பின்னாடி ஆறு இருக்கு சேர். முதுகுக்கு முதுகு. சுவர்ல தட்டினா அந்தப் பக்கம் கேக்கும்."

நான்கு நெருப்புப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். மூலையில் ஒன்று வைத்தாள், இருபுறமும் இரண்டு, மேலே ஒன்று. குனிந்து ஒரு கோணத்தில் பார்த்தாள். "அடியில இருக்கிறது தெரியல்ல சேர். ஆனா அதுதானே தாங்குது" என்றாள்.

ஆழம் அவளுக்குத் தெரியாததல்ல. அதை அந்தத் தாளில் தேட வேண்டுமென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்காமல் புள்ளியை மட்டும் குறைத்துவிட்டு மூளையைப் பற்றிப் பேசுகிறோம். படத்தை வாசிக்க அவளுக்கு நாம் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு ஒரு சனிக்கிழமை போதும். அவளை மறைக்கும் படங்களை வாசிக்க நாம் கற்றுக்கொள்ளத்தான் இன்னும் காலம் எடுக்கும்.