காந்தளை நின்று பாருங்கள்

வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை முடிந்து வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் கொஞ்சம் மூச்சுவிடும் நேரத்தில், ஜவ்வாது மலையடிவாரம் பக்கம் நடந்து பாருங்கள். புரட்டாசி கடைசியிலிருந்து கார்த்திகை வரைக்கும்தான் அதற்கு நேரம். முள்வேலிக்குள்ளிருந்து மெலிந்த கொடி ஒன்று தலைநீட்டி, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூவைத் தொங்கவிட்டிருக்கும். அதுதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். நம் பக்கத்துக்காரர்கள் பலரும் அதைக் கண்வலிப்பூ என்பார்கள். உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. இதன் நஞ்சு கிழங்கிலும் விதையிலும் சாற்றிலும் இருக்கிறது. இவ்வளவு நின்று பார்க்கத் தகுந்த பூ நம் ஊர்ப் பக்கம் வேறு இல்லை என்பேன்.

குறிஞ்சித் திணைக்குப் பொழுதாகத் தொல்காப்பியம் சொல்வது கூதிரும் முன்பனியும். ஐப்பசி, கார்த்திகையின் அந்தக் குளிர்ந்த ஈரத்துக்கு உரிய மலர் காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் வைத்ததும் இதைத்தான். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு இதன் இதழை உவமை சொன்னார்கள். ஈழத் தமிழர்களுக்கு இது கார்த்திகைப்பூ. கடல் தாண்டிப் போனால் ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

ரசிக்க வேண்டுமானால் முழுக் கொடியையும் ஒரேயடியாகப் பார்க்காதீர்கள். ஒரு மொட்டைத் தேர்ந்தெடுத்து, காலையில் பல் துலக்கும்போது தினமும் அதன் எதிரில் போய் நில்லுங்கள். முதலில் பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். பிரியத் தொடங்கியதும் ஆறு இதழ்களும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வளைந்து, பூ கீழே பார்த்தபடி இருக்க, இதழ்கள் மட்டும் மேலே நிமிர்ந்துகொள்ளும். ஓரமெல்லாம் நெளிநெளியாகச் சுருண்டிருக்கும். நிறம் அப்போது பச்சை கலந்த மஞ்சள்தான். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். அடியில் மஞ்சள், மேலே சிவப்பு என்றிருக்கும் அந்த நாளில்தான் அது தீக்கொழுந்து மாதிரி தெரியும். படம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்கே வந்து பிடித்துப் போய்விடுகிறார்கள். நீங்கள் இன்னும் சில நாள் பொறுங்கள். மஞ்சள் முழுக்க மறைந்து, பூ அடியோடு சிவந்து, கருஞ்சிவப்பாகி வாடும். கொடியில் கீழ்ப்பூ முதலில் மலர்வதால், நல்ல பருவத்தில் ஒரே கொடியில் கீழே முழுச் சிவப்பும் நடுவில் இருநிறமும் உச்சியில் பச்சை மொட்டும் ஒன்றாக இருக்கும். எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

அடுத்து, பூவுக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்கள் குடைக்கம்பிகள்போலச் சுற்றிலும் விரிந்திருக்கும். நடுவிலிருந்து நேராகக் கீழே வர வேண்டிய சூல்தண்டு, அடியிலேயே சட்டென ஒருபக்கமாக மடங்கிப் பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால் காய் பிடிக்கும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே இதை ஏக்கர் கணக்கில் பயிரிடும் விவசாயிகள் பூச்சியை நம்பிக் காத்திருப்பதில்லை. காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். வீட்டில் ஒரு பூவுக்கு நீங்களும் மெல்லிய தூரிகையால் செய்து பார்க்கலாம்.

இலையையும் விடாதீர்கள். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. மேல் இலைகளின் நுனியே நீண்டு, சுருண்டு, பக்கத்தில் கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தொட்டியில் வளர்க்கும்போது வழவழப்பான பைப்பை நட்டுப் பயனில்லை. காய்ந்த விளாறுகளைக் கிளையோடு ஊன்றிவையுங்கள். பிடித்துப் பிடித்து ஆள் உயரத்துக்கு ஏறும்.

வளர்ப்பது கடினமில்லை. கிழங்கு கலப்பைபோல இரண்டு கிளையாக வளைந்திருக்கும். அதனால் கலப்பைக் கிழங்கு என்றும் ஒரு பெயர். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. வாங்கும்போதும் நடும்போதும் நுனியில் கை படாமல் எடுங்கள். ஆடி மாத மாலை மழை தொடங்கியதும், நீர் தேங்காத செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கையாக வைத்து மூடினால் போதும். அடியில் ஈரம் தங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உப்பேறிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. அப்படிப்பட்ட போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தொட்டி மண்ணின் மேல் வெள்ளை பூத்திருந்தால் எந்தக் கிழங்கும் சோர்ந்துவிடும். மொட்டைமாடியில் விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். மழைக்காலத்துக் கொடிக்கு அதுவே போதும்.

தை பிறந்தால் கொடி மஞ்சளித்துக் காயும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். வேலூர் வெயிலில் தப்புவதற்குக் காந்தள் கண்டுகொண்ட வழி இது: சித்திரை, வைகாசி முழுக்க மண்ணுக்குள் தூங்கும். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத நிழலில் தள்ளிவையுங்கள்.

ஐரோப்பாவிலும் இதன் உறவுக்காரச் செடி ஒன்று உண்டு. கோல்சிகம் என்று பெயர். அங்கே இலையுதிர் காலத்தில், இலையே இல்லாமல், மண்ணிலிருந்து நேராக ஊதாப்பூ விடும். இரண்டிலும் இருக்கும் நஞ்சு கோல்சிசின். கவுட் மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கும் மருந்தும் அதுதான். அளவு தவறினால் உயிரைப் பறிக்கும். ஆகவே காந்தள் கிழங்கைச் சமையலறையில், சேனை, சர்க்கரைவள்ளி இருக்கும் கூடையில் ஒருபோதும் போடாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆடு மாடு கட்டும் பக்கம் கொடியை ஏற்றாதீர்கள். காய் வெடித்தால் உள்ளே வரிசையாகத் தெரியும் சிவப்பு விதைகள் குழந்தைகளை இழுக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காய் முற்றும் முன்பே நறுக்கிவிடுவது நல்லது. நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும் வீட்டில் முயலவே கூடாது.

மலையில் பார்த்த கொடியைத் தோண்டி எடுத்து வராதீர்கள். காட்டுக் காந்தள் மருந்துக்காகத் தோண்டப்பட்டே பல இடங்களில் குறைந்துவிட்டது. நர்சரியில் கிழங்கு கேட்டு வாங்குங்கள். விதை போட்டால் பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு சுருங்கிப் போய்ப் புதுக்கிழங்கு உருவாகும். நன்றாக வளர்ந்த தொட்டியில் ஒன்றுக்கு இரண்டாகவும் கிடைக்கும். கூடுதலாகக் கிடைத்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது, அது விஷம் என்பதைத் தாளில் எழுதிக் கிழங்கோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.