சம்பளம் ஒரு டாலர்

1973 ஜூனில் ஒமாஹா நகரில் நடந்த கல்லூரி பேஸ்பால் உலகத் தொடர். இறுதிக்கு முந்தைய ஆட்டம். மின்னசோட்டா அணிக்காகப் பந்து வீசியவர் டேவ் வின்ஃபீல்ட், ஆறடி ஆறங்குல உயரம். எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யூ.எஸ்.சி.க்கு, கிடைத்திருந்தது ஒரே ஒரு ஹிட். ஸ்கோர் 7-0. பாக்கி மூன்றே அவுட்.

அந்த மூன்று அவுட்டுக்குள் யூ.எஸ்.சி. எட்டு ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தது.

ஒரு ஹோம் ரன்னுக்கு அதிகபட்சம் நான்கு ரன்தான். ஏழு ரன் பின்தங்கிய அணியில் யாரும் ஒரே அடியில் வீரனாகிவிட முடியாது. தான் அவுட் ஆகாமல் அடுத்தவனுக்கு ஒரு வாய்ப்பு வாங்கித் தருவதுதான் ஒவ்வொருவனுக்கும் வேலை. இருபது வயதுப் பையன்களுக்கு இந்தப் பொறுமை தானாக வராது, யாராவது பல மாதம் ஊட்டி வளர்த்திருக்க வேண்டும். ஊட்டியவர் அணியின் கோச் ராட் டீடோ. அடுத்த ஆட்டத்தில் அரிசோனா ஸ்டேட்டை 4-3 என்று வென்று கோப்பையையும் எடுத்தார்கள்.

டீடோவும் ஆட்டக்காரர்தான். 1935இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இரண்டே ஆட்டம் ஆடினார். அப்போது அங்கே மேனேஜர் கேஸி ஸ்டெங்கல். அவரோடு ஏற்பட்ட நட்பு கடைசி வரை நீடித்தது. பிறகு 500 டாலர் முதல் போட்டு லாரித் தொழில் தொடங்கினார், அது பெரிதாக வளர்ந்தது. 1942இல் யூ.எஸ்.சி. கோச் சாம் பாரி போருக்காகக் கடற்படைக்குப் போக, அணி இவர் கைக்கு வந்தது. 1986 வரை, 45 பருவங்கள், விடவேயில்லை. பெயருக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளம். வயிற்றுப்பாட்டை லாரிகள் பார்த்துக்கொண்டதால், பதவி போய்விடுமோ என்ற பயமில்லாமல் மைதானத்தில் நின்றவர் அவர். அந்த நிதானம் அவருடைய அணிகளின் ஆட்டத்திலும் தெரிந்தது என்பது என் எண்ணம்.

ஒரே தப்பை இரண்டாம் முறை செய்யாதே என்று எல்லா வாத்தியாரும் சொல்வார்கள். ஒரு முறைகூடச் செய்யாதே என்பது டீடோவின் பாடம். அவர் கண்டித்தது கை நழுவிய பந்தை அல்ல, யோசிக்காமல் எறிந்த பந்தை. எந்த பேஸுக்கு எறிவது, ரன்னர் எப்போது கிளம்புவது, எத்தனை அவுட் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் பந்து வருவதற்கு முன்பே தலைக்குள் இருந்தாக வேண்டும். இவ்வளவு கறாரான மனிதர் எல்லாரையும் ‘டைகர்’ என்றே கூப்பிடுவார், அடுத்த நிமிஷம் சிரிக்கவும் வைப்பார்.

ஆளைக் கணிக்கும் விதத்தில்தான் அவரை நான் மிகவும் ரசிக்கிறேன். ஃப்ரெஸ்னோவில் இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டாம் சீவருக்கு யூ.எஸ்.சி.யில் சேர உதவித்தொகை தேவைப்பட்டது. டீடோ உடனே கையெழுத்துப் போடவில்லை. 1964 கோடையில் அலாஸ்காவின் கோல்ட்பேனர்ஸ் அணிக்கு ஆடிவிட்டு வா என்று அனுப்பினார். கெட்டிக்கார மட்டையாளர்களுக்கு எதிராகப் பையன் தாங்குகிறானா என்று பார்க்க அதைவிட நல்ல பரீட்சை கிடையாது. சீவர் தேறினார், உதவித்தொகை வந்தது, 1965இல் யூ.எஸ்.சி.க்காக 10 வெற்றி, 2 தோல்வி. பிற்பாடு நியூயார்க் மெட்ஸின் மகத்தான பிட்சர் ஆனது ஊரறிந்த கதை. ஃப்ரெட் லின், ராண்டி ஜான்சன், பிட்சராக வந்து மட்டையாளராக மாறிய மார்க் மெக்வயர் எல்லாரும் அவரிடம் ஆடியவர்களே.

1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து தேசியப் பட்டங்கள். 1978க்குப் பிறகு டீடோவுக்குப் பட்டம் ஏதும் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் அவர் தலைமையில் ஆடிய அமெரிக்க அணி இறுதியாட்டத்தில் ஜப்பானிடம் தோற்றது. ஆனால் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 1,332 வெற்றிகள் இருந்தன. மொத்த வெற்றிகளில் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிவிட்டார்கள். பட்டங்களில் ஒருவரும் நெருங்கவில்லை. யூ.எஸ்.சி. வென்ற 12 தேசியப் பட்டங்களில் 11 டீடோ காலத்தில் வந்தவை.