மேகலை மணியும் செஞ்சோற்றுக்கடனும்: வில்லிபாரதத்தில் கர்ணன் – துரியோதனன் நட்பு

தமிழில் நட்புக்குச் சான்று காட்டவேண்டிய இடங்களில் எல்லாம் கர்ணன் – துரியோதனன் இணை தவறாமல் இடம்பெறுகிறது. அதே கர்ணன் செஞ்சோற்றுக்கடன் கழித்தவன் என்றும் போற்றப்படுகிறான். பட்டிமன்ற மேடைகளிலும் பாடநூல் விளக்கங்களிலும் இவ்விரு பாராட்டுகளும் ஒன்றையொன்று வலியுறுத்துவனவாகவே கொள்ளப்படுகின்றன. நட்பும் கடனும் ஒரே பொருளன அல்ல. கடன் அளவிடத்தக்கது, செலுத்தித் தீர்க்கத்தக்கது, கொடுத்தவன், கொண்டவன் என்னும் ஏற்றத்தாழ்வை உடன்கொண்டு வருவது. சோறிட்ட தலைவனுக்காகக் களத்தில் உயிர் கொடுத்தல் மறவனின் கடமை. அதற்கு நட்பு வேண்டுவதில்லை. அவ்வாறாயின் கர்ணன் உயிர் கொடுத்தது நண்பனுக்கா, அரசனுக்கா? இவ்வினாவை எழுப்புவதற்கு வெளியிலிருந்து எந்தக் கோட்பாடும் தேவையில்லை. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் இரண்டையும் ஒரே பாடலுக்குள் அடுத்தடுத்து வைத்துள்ளார். உத்தியோக பருவத்துக் கிருட்டிணன் தூதுச் சருக்கத்தில் கர்ணன் குந்திக்கு விடையிறுக்கும் பாடல் அது. அப்பாடலையும் அதைச் சூழ்ந்த நிகழ்வுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசுரிமையால் தொடங்கிய நட்பு

இந்நட்பின் தோற்றத்தை வியாச பாரதத்தின் ஆதிபருவம் தெளிவாகக் காட்டுகிறது. அரங்கேற்றக் களத்தில் அருச்சுனனோடு பொர முன்வந்த கர்ணனிடம் கிருபர் குலமும் பெற்றோர் பெயரும் கேட்கிறார். அரசன் அல்லாதவனோடு அருச்சுனன் பொரமாட்டான் எனில் இவனை அரசனாக்குகிறேன் என்று துரியோதனன் அங்கேயே அங்க நாட்டை அளிக்கிறான். ஒரு நாட்டுக்கு ஈடாக என்ன தருவது என்று கர்ணன் கேட்க, முடிவில்லாத நட்பையே வேண்டுவதாகத் துரியோதனன் கூறுகிறான். இவ்விடையின் பெருந்தன்மையை ஐயுறக் காரணமில்லை. ஆயினும், கைம்மாறு யாது என்னும் வினாவுக்கு விடையாகவே நட்பு இங்குப் பிறக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்நிகழ்வின் இருபுறமும் வேறொரு நட்பின் கதை அமைந்திருப்பது தற்செயல் ஆகாது. இளமையில் உடன்பயின்ற துரோணர் நண்பன் என்று உரிமை கொண்டாடி வந்தபோது, அரசனுக்கு அரசனல்லாதவன் நண்பனாக இயலாது என்று துருபதன் இகழ்ந்தான். துரோணர் அதை மறக்கவில்லை. அரங்கேற்றம் முடிந்தவுடன் ஆசிரியர்க்குரிய காணிக்கையாகத் துருபதனைச் சிறைபிடித்துவரச் செய்கிறார். அவன் நாட்டில் பாதியைத் தாம் வைத்துக்கொண்டு, இனி நாம் இருவரும் அரசர், ஆகவே நண்பராகலாம் என்கிறார். துருபதன் வாயால் சொன்ன நெறியைத் துரோணர் படையால் நிறைவேற்றினார். அதே நெறியைத்தான் துரியோதனன் கொடையால் நிறைவேற்றினான். நாடு இருந்தாலன்றி நட்பு இல்லை என்பதை மூவருமே மறுக்கவில்லை.

திருக்குறள் படை, கூழ், குடி, அமைச்சு, அரண் ஆகியவற்றோடு நட்பையும் அரசனுக்கு உரியதாக எண்ணுகிறது. பரிமேலழகர் பகுப்பின்படி நட்பு பற்றிய அதிகாரங்கள் பொருட்பாலின் அங்கவியலில் அமைகின்றன. அரசியலில் நட்பு என்பது துணைவலி. துரியோதனன் அரங்கில் பெற்றதும் அத்துணைவலியே. அன்பு அதனோடு கலந்திருந்ததா என்பது தனி வினா. அதற்கு விடையளிக்கவே மேகலை நிகழ்ச்சி தேவைப்பட்டது எனலாம்.

இரண்டு தனியிடங்கள்

துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறிய நிகழ்ச்சி வியாச பாரதத்தில் இல்லை. பானுமதி என்ற பெயரும் அங்கில்லை. தமிழ் வாசகர் இன்று அறிந்துள்ள வடிவில் கர்ணனும் அவளும் சொக்கட்டான் ஆடுகின்றனர். கணவன் வருவது கண்டு அவள் எழுகிறாள். தோல்விக்கு அஞ்சி எழுகிறாள் என எண்ணிக் கர்ணன் மேகலையைப் பற்றி இழுக்கிறான். வில்லியின் பாடலில் இவ்விளக்கம் எதுவுமில்லை. ஆட்டம் இல்லை, அவள் எழுந்ததற்குக் காரணம் இல்லை, கர்ணன் செயலுக்குச் சமாதானமும் இல்லை. தனிமையான இடத்தில் மேகலை மணிகள் உதிர்ந்தன. கர்ணன் திகைத்து நின்றான். வந்தவன் அவற்றை எடுப்பதா, கோப்பதா என்று மட்டும் கேட்டான். அவ்வளவே.

சொக்கட்டானைப் புகுத்தியது உரைமரபும் சொற்பொழிவு மரபும் செய்த உதவி. பி. ஆர். பந்துலு இயக்கிய 1964ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘கர்ணன்’ இக்காட்சியை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது. இந்த உதவி உண்மையில் துரியோதனனுக்குச் செய்த குறை. ஆட்டம் இருந்தால் காட்சிக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஐயத்துக்கு இடமில்லாத நிலையில் ஐயுறாதிருத்தல் அரிய செயல் ஆகாது. விளக்கம் ஏதுமில்லாத தோற்றத்தின் முன் நின்று விளக்கம் கேளாமல் இருந்ததே வில்லியின் துரியோதனன் செய்தது. அவன் அரசன், தண்டிக்கும் அதிகாரம் உடையவன். அந்த அதிகாரத்தை மணி கோக்கும் வேலையாளின் கேள்வியாக அவன் மாற்றிக்கொள்கிறான். கொடுத்தவன், கொண்டவன் என்னும் உறவு தலைகீழாகும் ஒரே கணம் இது. இங்கே நட்பு உண்டு என்று ஐயமின்றிக் கூறலாம்.

ஆனால் இந்நினைவைக் கர்ணன் எங்கே, யாரிடம் கூறுகிறான் என்பது போதிய கவனம் பெறவில்லை. கண்ணன் ஏவலால் பாண்டவரின் தாய் வந்திருக்கிறாள். போருக்கு முந்தைய பொழுது. துரியோதனன் அறியாமல் பகைவரின் தாயோடு கர்ணன் தனித்திருக்கிறான். ஒரு தனியிடத்தில் தன்னை நம்பியவனைப் பற்றி மற்றொரு தனியிடத்தில் இருந்தபடி அவன் பேசுகிறான். முதல் தனியிடத்தில் துரியோதனன் வந்து பார்த்தான். இரண்டாவதில் அவன் வரவில்லை.

பாடலின் பிற்பகுதி இன்னும் நுட்பமானது. மணிகளைப் பற்றிய நினைவு முடிந்தவுடன் கர்ணன் துரியோதனனைத் தோழன் என்று சுட்டவில்லை, ‘இராசராசன்’ என்கிறான். அவனுக்காகப் போர்முனை சென்று செஞ்சோற்றுக்கடன் கழிப்பதே இனித் தனக்குப் புகழும் செயலும் அறமும் என்று முடிக்கிறான். அந்த மூன்றனுள் நட்பு இடம்பெறவில்லை. மணியைக் குனிந்து எடுக்க முன்வந்தவன் அடுத்த அடிகளிலேயே பேரரசனாக நிமிர்ந்துவிட, அவன் காட்டிய நம்பிக்கை உண்ட சோற்றின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

சோற்றுக்கடன் என்னும் கருத்து வில்லி புதிதாகப் படைத்ததன்று. வியாச பாரதத்திலும் கர்ணன் குந்தியிடம், தலைவன் இட்ட உணவை உண்டு உரிய வேளையில் கைவிடுவோர்க்கு இம்மையும் மறுமையும் இல்லை என்கிறான். ஆகவே வில்லி புதிதாகச் சேர்த்தது நட்பின் காட்சியையே. கடன் முன்னரே இருந்தது. வியாசர் கண்ணனிடம் பேசும் கர்ணனுக்கு வேறு காரணங்களையும் தருகிறார்: அதிரதனும் இராதையும் காட்டிய அன்பு, சூதர் குலத்தில் கொண்ட மண உறவு, துரியோதனனால் 13 ஆண்டுகள் இடையூறின்றி ஆண்ட அரசு. வில்லியின் கர்ணனிடம் இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது உதிர்ந்த மணிகளின் நினைவு. அவ்வளவு உயர்ந்த சான்றைக் கண்டபின்னும் அதற்குரிய சொல்லைக் கர்ணன் கடனின் அகராதியில்தான் தேடுகிறான். அங்கத்தின் முடியைப் பெற்ற நாளில் கேட்ட வினாவிலிருந்து, இதற்கு ஈடாக என்ன தருவது என்பதிலிருந்து, அவன் இறுதிவரை விடுபடவில்லை.

கடன் தடுத்தவை

நண்பன் நெறி தவறும்போது இடித்துரைப்பது நட்பின் பணி என வள்ளுவம் கருதுகிறது. கடன்பட்டவன் இடித்துரைப்பது அரிது. வியாச பாரதச் சூதாட்ட அவையில் துரியோதனனின் தம்பி விகர்ணன் திரௌபதிக்காக அறம் பேசுகிறான். அவனை அடக்கி, அவள் ஆடையைக் களையச் சொல்பவன் கர்ணன். துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்மேல் கடுஞ்சொல் கூறியதற்காகத் தான் வருந்துவதாக அவனே பின்னர்க் கண்ணனிடம் ஒப்புகிறான். உடன்பிறந்தவன் எதிர்த்துப் பேச முடிந்த அவையில் நண்பனால் முடியவில்லை. தம்பிக்கு அவ்வீட்டில் பிறப்புரிமை உண்டு. கர்ணனுக்கு இருந்தது கொடை மட்டுமே.

கடனாகவேனும் அது முழுமையாகச் செலுத்தப்பட்டதா? பீஷ்மரோடு கொண்ட பூசலால், அவர் வீழும்வரை படையெடுப்பதில்லை எனக் கர்ணன் 18 நாள் போரின் முதல் 10 நாள்களும் விலகியிருந்தான். தன்மானத்தின் முன் சோற்றுக்கடன் காத்திருந்தது. மாறாக, அருச்சுனனுக்கென்று இந்திரனிடம் பெற்றுப் போற்றிவைத்திருந்த வேலைக் கடோற்கசன்மேல் எறிந்தபோது, தன் வெற்றிக்கான ஒரே உறுதியைக் கௌரவர் படையைக் காப்பதற்காக இழந்தான். கடன் கழித்தல் என்னும் சொல் முழுப்பொருளில் பொருந்தும் இடம் அதுவே. அதைத் தமிழ் மேடை அதிகம் பேசுவதில்லை என்பது வியப்புக்குரியது.

நாகக்கணையின் கதை வேறு. எய்த நாகக்கணையை மீண்டும் தொடுக்க மறுத்ததற்கு வியாசரின் கர்ணன் வீரமரபைக் காரணமாகக் காட்டுகிறான். பிறர் வலியால் வெல்ல அவனுக்கு விருப்பமில்லை. வில்லியின் கர்ணன் மறுப்பது, ஒருமுறைக்குமேல் தொடுப்பதில்லை எனக் குந்திக்கு வாக்களித்திருப்பதால். செஞ்சோற்றுக்கடனை முழங்கிய அதே சந்திப்பில் அவன் அளித்த வாக்கு இது. அருச்சுனன் ஒழிந்த பாண்டவரைக் கொல்வதில்லை என்பதும் அங்கே தரப்பட்ட உறுதி. வியாச பாரதப் போர்க்களத்தில் அந்த உறுதியின் விலை வெளிப்படையாகவே தெரிகிறது: வீமனும் நகுலனும் தருமனும் கர்ணன் கையில் சிக்கியும் உயிரோடு போகிறார்கள். தருமன் ஒருவன் வீழ்ந்திருந்தாலே போரின் போக்கு மாறியிருக்கும். அந்த உயிர்கள் கர்ணனுடையனவாக இருந்து அவன் கொடுத்தவை அல்ல. துரியோதனனின் வெற்றிக்கு உரியவை. கர்ணனின் கொடைகளுள் துரியோதனனின் கருவூலத்திலிருந்து அவனைக் கேளாமல் எடுத்துக் கொடுக்கப்பட்டது இது ஒன்றே.

இதைத் துரோகம் என்று தீர்ப்பளிப்பது எளிது, பொருத்தமன்று. பெற்றவளின் வேண்டுகோளுக்கும் சோறிட்டவனின் உரிமைக்கும் இடையே கர்ணன் இருவருக்கும் பாதி பாதியாகத் தன்னைப் பகிர்ந்தளித்தான். ஒன்றைக் கடன் எனக் கொண்டதால்தான் இப்பகிர்வு அவனுக்கு இயன்றது. கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்தலாம். உயிரைத் தந்து அடைத்துவிட்டால் எஞ்சியதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். மணிகளை எடுக்கக் குனிந்தவனிடம் இந்தக் கணக்கு இல்லை.

தான் இறக்கும்வரை தன் பிறப்பு வெளிப்படலாகாது, இறந்தபின் மடியில் ஏந்தி மகன் என்று உலகறியச் சொல்லவேண்டும் என்று வில்லியின் கர்ணன் குந்தியிடம் வரம் பெறுகிறான். வியாச பாரதத்தில் இதே மறைப்புக்கு அரசியல் காரணம் ஒன்று உண்டு: உண்மை அறிந்தால் தருமன் அரசைத் தனக்குத் தருவான், தான் அதைத் துரியோதனனுக்குத் தந்துவிடுவேன் என்று அவன் கண்ணனிடம் விளக்குகிறான். தருமனுக்கு மறைப்பதற்கு அது போதும். துரியோதனனுக்கு ஏன் மறைக்கவேண்டும் என்பதற்குக் கர்ணன் எதுவும் சொல்வதில்லை. மேகலை அறுந்தபோது துரியோதனனின் கண்முன் எல்லாம் கிடந்தது. கிடந்ததைப் பார்த்தே அவன் நம்பினான். பகைவரின் மூத்தோன் தன் நண்பன் என்பது அவன்முன் வைக்கப்பட்டிருந்தால், அவன் அப்போதும் எடுப்பதா, கோப்பதா என்று கேட்டிருக்கக்கூடும். அதைக் கேட்கும் வாய்ப்பைக் கர்ணன் அவனுக்குத் தரவில்லை.